நாற்பத்தொரு பேரும் சொன்னது

விழாவுக்கு வந்திருந்தவர்கள்: அதிகாரி ஒருவர், பேராசிரியர்கள் இருவர், கழுத்தில் அட்டை தொங்க முப்பது கல்லூரி மாணவர்கள், படம் பிடிக்க இரண்டு பேர், மைக்செட்காரர், எங்கள் ஒருங்கிணைப்பாளர், நான். வராதவர்கள்: எங்கள் ஊரிலிருந்து கடலுக்குள் பாசி எடுக்கப் போகும் பெண்கள் நாற்பத்தொரு பேர்.

ராமநாதபுரத்தில் பழைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்துக்குப் பெயின்ட் அடித்து, ஏசி மாட்டி, ‘கடற்கரை மக்கள் வரலாற்றுக் கூடம்’ என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். வராத பெண்களின் குரல்தான் உள்ளே ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரல்களுக்குக் கீழே நின்று எல்லோரும் சமோசா சாப்பிட்டார்கள். நானும் ஒன்று சாப்பிட்டேன்.

மாரியூர்ப் பக்கத்துக் கடற்கரையில் எங்கள் ஊர். பட்டப்படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நாளில் இந்தக் கூடத்தைத் திறந்த அமைப்பில் சேர்ந்தேன். ‘மக்களே சொல்லும் வரலாறு’ என்பது திட்டத்தின் பெயர். இரண்டு வருடம் என் ஊரிலேயே, என் தெருவிலேயே, என் அம்மாவிடமே குரல்பதிவுக் கருவியை நீட்டிக்கொண்டு அலைந்தேன்.

விழாவுக்குப் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க முடியாது. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் அவர்கள் பாசிக்குப் போவார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மற்ற பதினெட்டு நாளில் யாரும் பாசியில் கை வைக்க மாட்டார்கள். பதினெட்டு நாளை விட்டுவிட்டு அந்தப் பன்னிரண்டில் ஒன்றைப் பார்த்து விழா வைத்திருந்தார்கள். அந்த நாள் கணக்கை அட்டவணை போட்டு அவர்களுக்குக் கொடுத்தவனே நான்தான்.

ஏழாவது பலகை

சுவர் நெடுகப் பலகைகள். ஏழாவதில் என் அம்மா இருந்தார்.

நீருக்குள் பார்க்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை போட்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்புப் பையோடு நிற்கிற படம். நான் எடுத்ததுதான். கீழே ‘கடற்பாசி சேகரிக்கும் பெண்’ என்று இருந்தது. பெயர் இல்லை. எதிர்ச் சுவரில் படகு ஒன்றின் படம் இருந்தது. படகுக்குப் பெயர் போட்டிருந்தார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். படத்துக்கு அடியில் இருந்த இரண்டு வரியை விட முடியாது.

‘முன்பு கட்டுப்பாடின்றிப் பாசி எடுத்துவந்த இப்பெண்கள், விழிப்புணர்வுப் பயிற்சிகளுக்குப் பிறகு, மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டும் எடுக்கக் கற்றுக்கொண்டனர்.’

கற்றுக்கொண்டனராம்.

நான் பால்வாடியில் இருந்த காலத்து விஷயம் அது. மரிக்கொழுந்து என்று நாங்கள் சொல்கிற பாசி அப்போது பாறையில் குட்டையாகிப்போனது. பெயர்தான் மரிக்கொழுந்து, காயவைத்தால் தெரு முழுக்க நாறும். அதற்குத்தான் விலை. ஆளாளுக்கு இரும்புத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பெண்கள் எல்லோரும் மீன் ஏலக் கொட்டகையில் உட்கார்ந்து, மாதம் பன்னிரண்டு நாள் போதும், தகடு வேண்டாம், கையால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆண்கள் கிடையாது. அதிகாரிகள் கிடையாது. பாசியை வாங்குகிற ஏஜென்ட் மட்டும் தூரத்தில் நின்று பல்லைக் கடித்தாராம்.

எங்கள் பெண்களுக்கு நிலம் கிடையாது, பட்டா கிடையாது. கடலுக்குள் வனத்துறைக் காவலில் இருக்கும் தீவுகள் பக்கம் இவர்களைப் பாசி எடுக்க விடலாமா கூடாதா என்ற பேச்சு எப்போது கிளம்பினாலும், கடலை நாங்கள் அழிக்கவில்லை என்று காட்ட அவர்களிடம் இருப்பது அந்தப் பன்னிரண்டு நாள் ஒன்றுதான். அதைத்தான் இரண்டு வரியில் பிடுங்கிக்கொண்டார்கள்.

பிரியாணிப் பொட்டலம்

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஒருங்கிணைப்பாளரிடம் போய் நின்றேன். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவர் மேல் கோபப்படுவதற்கே நமக்குக் கூச்சமாக இருக்கும்.

“சார், ஏழாவது பலகை தப்பு. பயிற்சிக்குப் பல வருஷம் முன்னாலயே இந்த வழக்கம் இருக்கு. எல்லா பதிவுலயும் சொல்லியிருக்காங்க.”

“கேட்டேன் அருள். யார் முதல்ல சொன்னதுன்னு ஒரு பதிவுலயும் இல்லையே. நாற்பத்தொரு பேரும் ‘எல்லாரும்தான் சொன்னோம்’ங்கறாங்க. எந்த வருஷம்னும் இல்ல. பயிற்சிக்குத் தேதி இருக்கு, போட்டோ இருக்கு, வருகைப் பதிவேடு இருக்கு. கையெழுத்து போட்டிருக்காங்க. உங்க அம்மா கையெழுத்தே இருக்கு.”

இருந்தது உண்மைதான். அந்தப் பயிற்சி நடந்தபோது நான் எட்டாம் வகுப்பு. துணிப்பை ஒன்றும் பிரியாணிப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நானும் தங்கச்சியும் சாப்பிட்டோம். வரலாற்றில் என் பங்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

“இதே வாசகம்தான் நாம போடற புத்தகத்துலயும் வருது,” என்றார் அவர். “அதிகாரிகளுக்கெல்லாம் அனுப்பறோம். குழு பார்த்துத்தான் அச்சுக்குப் போகும். ஒரு பேரும் ஒரு வருஷமும் ஆதாரத்தோட கொண்டுவாங்க, மாத்திடறேன். ‘எல்லாரும்’னு ஒரு ஆள் கிடையாதே.”

கற்றுக்கொடுக்கப்பட்டவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அடுத்த பாடத்தை நடத்துவார்கள். இன்று பன்னிரண்டு நாள் என்று நாங்கள் கற்றுக்கொடுத்தோம், நாளை ஒரு நாளும் வேண்டாம் என்று கற்றுக்கொடுப்போம் என்பார்கள். சாயல்குடி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு இதுதான் ஓடியது.

இல்லத்தரசி

கோபப்பட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றும் ஒரு யோசனை ஓடியது.

எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் தெருவுக்கே நான்தான் நிரப்புவேன். ரேஷன் கார்டு, முதியோர் பணம், வங்கிக் கணக்கு எல்லாம். ‘தொழில்’ என்ற கட்டம் வந்தால் ஆண்களுக்கு ‘மீன்பிடி’ என்று எழுதுவேன். பெண்களுக்கு ‘இல்லத்தரசி’. அப்படித்தான் எழுத வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

விடிந்ததும் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, மூச்சை அடக்கி அடக்கி முங்கி எழுந்து, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் மணி அடிக்கிற நேரத்துக்கு ஐந்தாறு கிலோ பாசியோடு கரையேறும் ஒரு பெண்ணை, அவள் மகனே இல்லத்தரசி என்று எழுதினான். ஒரு தடவை இல்லை. எல்லாப் படிவத்திலும். அவர்கள் கடலுக்குப் போனதற்கு அரசாங்கத் தாளில் ஓரிடத்திலும் சாட்சி கிடையாது என்றால், அழகான கையெழுத்தில் அதைச் செய்துவைத்தது நான்.

வாயைத் திறந்தவள்

மறுநாளும் பாசி நாள். பெண்கள் கரையேறி, பாசியை மணலில் பரப்பிக் கல்லும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பலகையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

“அடி லூர்து, ஓம் படத்தைப் பெருசாப் போட்டு மாட்டியிருக்காகளாம்ல. பேரப் போடலையாம்,” என்றார் செபஸ்தி சின்னம்மா. ஊரில் யாரையும் விட்டுவைக்காத வாய் அவருக்கு.

“பேரப் போட்டா கூலி கேட்டுருவேன்னு நெனச்சிருப்பாக,” என்றார் அம்மா.

வாசகத்தைப் படித்துக் காட்டினேன். சின்னம்மாதான் ஆரம்பித்தார்.

“நமக்குச் சொல்லிக் குடுத்தாகளாமா? பயிற்சிக்கு வந்த அந்தப் புள்ளைக்குத் தண்ணிக்குள்ள கண்ணத் தொறக்கத் தெரியல. முள்ளுல மிதிச்சிட்டு அழுதுச்சு. நாந்தான இடுப்புல தூக்கிட்டு வந்தேன்.”

“சின்னம்மா, அதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீகளே.”

“நாங்க செய்யிறதையே எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுனாக. நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இருந்துச்சுன்னு போட்டோம்லே.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரும் வருடமும் கேட்கிறார்கள், இல்லையென்றால் இதுவே புத்தகமாகிவிடும், நாளைக்குத் தீவுப் பக்கம் போகாதே என்றால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது என்று சொன்னேன். அன்றைக்குக் கொட்டகையில் முதலில் சொன்னது யார் என்று கேட்டேன்.

யாரும் நிமிரவில்லை. கல் பொறுக்குகிற கைகள் மட்டும் வேகமாயின.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்தவள் அடுப்பில் கை வைக்கிற முடிவு எதுவானாலும், அதை முதலில் சொன்னது யார் என்று எங்கள் பெண்கள் வெளியே விடமாட்டார்கள். புருஷனிடம் சொல்லமாட்டார்கள், பிள்ளைகளிடம் சொல்லமாட்டார்கள். நாளைக்கு ஒருத்தி வீட்டில் கஷ்டம் வந்தால், வீட்டு ஆண்கள் போய் இன்னொருத்தி வாசலில் நிற்கக் கூடாது. கொட்டகைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியும். கேட்டால் எல்லாரும் சொன்னோம். இரண்டு வருடம் கருவியை நீட்டியும் எனக்குப் பிடிபடாதது இதுதான். அவர்கள் மறக்கவில்லை, காத்துவைத்திருந்தார்கள். அதைத்தான் ஏசி அறையில் உட்கார்ந்து ‘தகவல் இல்லை’ என்று குறித்துக்கொண்டார்கள்.

மதலேனாள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அக்கா. பன்னிரண்டு நாள் கட்டுப்பாடு வந்த வருடத்தில்தான் அத்தை மகள் ஸ்டெல்லா மதினிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. நாள் குறைந்ததில் பாசிக் காசு பாதியானது. சொன்ன நகையைப் போட முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கைகழுவிவிட்டார்கள். மதினி பிறகு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர்தான். இன்றும் தனியாகத்தான் இருக்கிறார். ஊரில் எந்தப் பெண்ணும் அந்த வருடத்தை ‘ஸ்டெல்லா கல்யாணம் நின்ன வருஷம்’ என்றுதான் சொல்வாள்.

அத்தை, மாமா காதுபடவும் மகள் காதுபடவும் அடிக்கடி ஒன்று சொல்வார். “அன்னைக்கு மொதல்ல வாயத் தொறந்தவ எவளோ, அவ நல்லாருக்க மாட்டா.” நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

அந்த அத்தைதான் கையிலிருந்த பாசியை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

“பேருதான வேணும். மதலேனாள்னு எழுதுலே. புருசன் பேரு சவரிமுத்து.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது.

“மதினி, வேணாம்,” என்றார் அம்மா அத்தையிடம். “ஸ்டெல்லா காதுக்குப் போகும்.”

“அந்த மனுசன் போயி நாலு வருசமாச்சு. இனி யாரு வந்து எவ வாசல்ல நிக்கப் போறா?”

“ஸ்டெல்லா இருக்கால்ல.”

“திருப்பூருக்கு யாருடி போயிச் சொல்லுவா?” அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் சொன்னத நான் சொல்லலைன்னு இருந்துட்டேன். வேற எவனோ வந்து அவன் சொன்னான்னு எழுதுறதுக்கா?”

பிறகு அம்மாதான் எனக்குச் சொன்னார். “அன்னைக்கு அவுகதான் எந்திரிச்சாக. முன்ன வெரல் நீளம் இருந்துச்சு, இப்ப நகத்தளவுதான் இருக்கு, பாதி நாளுக்கு மேல விட்ருவோம்னாக. மக கல்யாணத்துக்கு மூணு மாசம் இருந்துச்சுலே. எங்களுக்குத் திக்குன்னு ஆயிருச்சு. யாருக்கும் எதுத்துப் பேச வாய் வரல.”

அத்தனை வருடமும் அத்தை திட்டியது தன்னைத்தான். நாற்பது பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் அத்தையின் பெயர் வரவில்லை.

கண்ணாடிப் பெட்டி

பெயர் கிடைத்தது. வருடம்?

அத்தை வீட்டில் ஞானஸ்நானச் சீட்டுகள் வைத்திருக்கிற தகரப் பெட்டியிலிருந்து அந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் நிற அட்டை. மேலே சிலுவை, இரண்டு புறா. ஸ்டெல்லா மதினியின் பெயர், அந்த மாப்பிள்ளையின் பெயர், தேதி. நடக்காத கல்யாணம்தான் எங்கள் ஊரிடம் இருந்த ஒரே அச்சடித்த ஆதாரம்.

“பத்திரமாத் திருப்பித் தரணும்லே,” என்றார்.

தருவேன் என்று சொன்னேன்.

ஒருங்கிணைப்பாளர் அட்டையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது போதும் அருள். பயிற்சிக்கு ரொம்ப முன்னாடியே போகுதே. கல்யாணம் நின்னதையும் எழுதலாம். பார்க்கறவங்க மனசைத் தொடும்.”

“அது வேண்டாம் சார். பேரும் வருஷமும் போதும்னுதான் அத்தை கொடுத்திருக்காங்க.”

சரி என்றார். பலகையில் எழுதவில்லைதான். பலகைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்து, அட்டையை உள்ளே விரித்துவைத்துவிட்டார். ‘நடைபெறாத திருமணத்தின் அழைப்பிதழ்’ என்று சின்னதாக ஒரு குறிப்பு.

நான் போய்க் கேட்டபோது, அது காட்சிப்பொருள் பதிவேட்டில் ஏறிவிட்டது, வெளியே எடுப்பதற்குக் குழுவின் அனுமதி வேண்டும் என்றார்கள். அத்தையின் தகரப் பெட்டியிலிருந்து எடுக்க எந்தக் குழுவின் அனுமதியும் தேவைப்படவில்லை. நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பார்க்க வந்த மாணவி ஒருத்தி அந்தப் பெட்டியைப் படம் எடுத்துப் போட்டாள். அது நான்கு போன் தாண்டித் திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஸ்டெல்லா மதினி எனக்குத்தான் கூப்பிட்டார். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம்.

“அருளு, அந்தக் கார்டுல எம்பேரு இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”

“மதினி, ஊருக்காகத்தான்...”

“ஊருக்காகத்தான் அன்னைக்கும் அம்மா எந்திரிச்சிருக்கு. அப்பவும் எங்கிட்ட கேக்கல. நீயாச்சும் படிச்சவன்னு நெனச்சேன்.”

யாரையும் கேட்காமல் அவர்களைப் பற்றி எழுதுகிறார்கள் என்றுதான் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். நானும் ஒருத்தியைக் கேட்கவில்லை.

மதினி ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அத்தைக்குக் கூப்பிடுவார். அந்த ஞாயிறு கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அத்தை இப்போதும் பூசை முடிந்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு கோயில் படியில் உட்கார்கிறார். வேறு யாருக்காவது மணியடித்தால் தன் போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பத்திரிகையை இன்னும் திருப்பி வாங்க முடியவில்லை. அத்தை என்னிடம் கேட்கவும் இல்லை.

ஏழாவது பலகை மாறிவிட்டது. ‘மதலேனாள் முன்மொழிய, ஊர்ப் பெண்கள் தாங்களாகவே எடுத்த முடிவு’ என்று இருக்கிறது. அம்மாவின் பெயரும் ஏறிவிட்டது. புத்தகத்திலும் மாற்றிவிட்டார்கள். அதற்காக இரண்டு தடவை குழு கூடியது. இரண்டும் பாசி நாளில்.

திருத்திய பலகையை அச்சடிக்க நிதி ஒதுக்கீடு இல்லை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். திறப்பு விழாவின் சமோசாவுக்கு இருந்த ஒதுக்கீடு, அவர்கள் செய்த பிழையைத் திருத்த இல்லை. பெண்கள் தாங்களே காசு போட்டுக்கொடுத்தார்கள். செபஸ்தி சின்னம்மா வீடு வீடாகப் போய் வாங்கி, ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி என்னிடம் தந்தார். அமைப்பு அதற்கு முறையாக ரசீது கொடுத்தது. பெறப்பட்டது என்ற இடத்தில் ‘பயனாளிகளிடமிருந்து’ என்று எழுதியிருந்தது. பலகை அச்சும் மாட்டுக்கூலியும் இரண்டாயிரத்து எழுநூறு, வரி நானூற்று எண்பத்தாறு. மொத்தம் மூவாயிரத்து நூற்று எண்பத்தாறு ரூபாய்.